விழுங்கிய பொருளும் இரண்டு மணி நேரமும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மியூட்டர் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் அலமாரி முழுக்கத் தட்டையான இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் ஊக்குகள், திறந்ததும் மூடியதுமாக. இன்னொன்றில் சட்டைப் பொத்தான்கள். மற்றவற்றில் ஆணி, காசு, எலும்புத் துண்டு, செயற்கைப் பல், பொம்மைக்கு மாட்டும் குட்டித் தொலைநோக்கி. அதிர்ஷ்டத்துக்காக என்னைக் கூடவே வைத்துக்கொள் என்று பொறித்த ஒரு வில்லையும் உண்டு. மொத்தம் 2,374 பொருட்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தொண்டையிலோ உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ மாட்டிக்கொண்டு வெளியே எடுக்கப்பட்டது.

சேர்த்து வைத்தவர் ஷெவாலியே ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர். நம் சிவாஜி கணேசனுக்குக் கிடைத்த செவாலியர் பட்டம் போன்றதல்ல இது. பெற்றோர் வைத்த பெயரே அதுதான். 1865இல் பிறந்து 1958 வரை வாழ்ந்த ஜாக்சன், எடுத்த பொருளை யாருக்கும் திருப்பித் தரமாட்டார். காசை விழுங்கிய பிள்ளையின் வீட்டார் கேட்டாலும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைப்பார். இது வேடிக்கைக் குணமாகத் தெரியலாம். ஆனால் அடுத்து வரும் நோயாளிக்கு அதுதான் பாடம். ஊக்கு எந்தக் கோணத்தில் சிக்கியது, எந்த இடுக்கியால் எப்படித் திருப்பியதும் வழிவிட்டது என்பதெல்லாம் அந்த இழுப்பறைகளுக்குள் இருந்தது.

அவர் காலத்துக்கு முன்பு உணவுக்குழாயில் ஒன்று சிக்கினால் பெரும்பாலும் குருட்டு வேலைதான். கொக்கியைக் கண்மூடி விட்டு இழுப்பார்கள், அல்லது குச்சியால் கீழே தள்ளுவார்கள், அல்லது கழுத்தைக் கிழிப்பார்கள். சாமர்த்தியமான யோசனைகள் இல்லாமலும் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுசுருத சம்ஹிதையில் தொண்டையில் சிக்கிய எலும்புக்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. மயிரைச் சிறு உருண்டையாகச் சுருட்டி, நீண்ட நூலில் கட்டி, நீராகாரத்தோடு விழுங்க வைக்க வேண்டும். முள் அந்த மயிரில் சிக்கியதும் நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஐரோப்பாவில் இதே பயம் பக்தியோடு கலந்தது. மீன்முள் தொண்டையில் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியவராக நம்பப்படும் புனித பிளேஸின் நாளான பிப்ரவரி 3 அன்று, கத்தோலிக்க ஆலயங்களில் இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காகக் கழுத்தருகே பிடித்து ஆசி வழங்குகிறார்கள்.

உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை வந்தது ஒரு வித்தைக்காரரால். 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் ஒருவரை அழைத்து, 47 சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் குழாயை அவர் வாய் வழியாக இரைப்பை வரை இறக்கினார். வாளை விழுங்கிப் பழகிய தொண்டைக்குக் குழாய் ஒரு பொருட்டில்லை. வெளிச்சம்தான் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் ஜாக்சன் முக்கியமானவர். குழாயின் நுனியிலேயே சிறு பல்பைப் பொருத்தி, சிக்கிய பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுக்கும் முறையை ஒரு கலையாகவே வளர்த்தார்.

ஆனால் அது வளையாத குழாய். நோயாளியின் தலையைப் பின்னுக்குத் தள்ளி, வாயிலிருந்து நெஞ்சு வரை ஒரே நேர்கோடாக்கினால்தான் உள்ளே போகும். வளையும் குழாய்க்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதேபோன்ற ஒரு கருவியைச் செய்தார். முதலில் அதைத் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்கு.

இன்றைய எண்டோஸ்கோப் அந்தக் கருவியின் வழிவந்தது. கண்ணாடி இழைக்குப் பதில் நுனியில் கேமரா. குழாயின் பருமன் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதற்குள்ளேயே விளக்கு, காற்று, தண்ணீர், உறிஞ்சும் வழி எல்லாம் இருக்க வேண்டும். கருவிகள் நுழைவதற்கு மிஞ்சுவது வழக்கமாக 2.8 மில்லிமீட்டர் துளைதான். எலிப்பல் போன்ற முனையுள்ள இடுக்கி, முதலைவாய் இடுக்கி, சுருக்குக் கம்பி, விரிந்து மூடும் வலைப்பை, பலூன் எல்லாம் சுருங்கி அந்தத் துளை வழியாகப் போய், மறுமுனையில் விரிந்து வேலை செய்கின்றன. எடுத்த பொருள் அந்தத் துளைக்குள் வராது. அதைப் பிடித்தபடியே குழாயை முழுவதுமாக வெளியே இழுக்க வேண்டும். சிரமம் அங்கேதான்.

விழுங்கிய பொருள் எங்கே நிற்கும் என்பதை நம் உடலின் அமைப்பே பெரும்பாலும் தீர்மானித்து வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். வழியில் சில இறுக்கங்கள்: தொண்டை முடியும் இடத்தில் உள்ள தசை வளையம், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைந்து உரசும் இடம், இடது மூச்சுக்கிளைக் குழாய் குறுக்கே போகும் இடம், உதரவிதானத்தைத் தாண்டும் இடம். குழந்தை விழுங்கிய காசு பெரும்பாலும் முதல் இறுக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். உணவுக்குழாயைத் தாண்டி இரைப்பைக்குள் விழுந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கிருந்து வெளியேறும் வாயிலை 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பொருள் கடப்பது கடினம். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது முன்சிறுகுடலின் வளைவில் திரும்ப முடியாமல் முட்டும். இந்த இரண்டு எண்களும் எண்டோஸ்கோப்பி மருத்துவர்களுக்கு மனப்பாடம்.

மற்றவை? தானாகவே வெளியே வந்துவிடும். விழுங்கப்படும் பொருட்களில் 80 முதல் 90 சதவீதம் வரை எந்த வைத்தியமும் இல்லாமல் மலத்தோடு போய்விடுகின்றன. 10 முதல் 20 சதவீதத்துக்கு எண்டோஸ்கோப்பி வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை வரை போவது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆறு குழந்தை மருத்துவர்கள் தாங்களே சோதனை எலிகளானார்கள். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பணிபுரியும் இவர்கள் ஆளுக்கொரு லீகோ பொம்மையின் மஞ்சள் தலையை விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை தங்கள் மலத்தைத் தாங்களே தேடினார்கள். 2018இல் வெளியான முடிவுப்படி சராசரியாக 1.71 நாளில் தலை கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. தேடிக் கண்டுபிடிக்க ஆன நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் ஆங்கிலச் சுருக்கம் சபையில் உச்சரிக்கத் தகுந்ததல்ல. பெற்றோருக்கு அவர்கள் சொன்ன செய்தி மட்டும் உருப்படியானது: வழவழப்பான சின்னப் பொருள் என்றால் குழந்தையின் மலத்தைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம். முழு அனுபவமுள்ள மருத்துவருக்கே கண்ணில் படாதது அம்மாவுக்குப் படும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரைதான் விழுங்கும் வயது. அந்த வயதில் அதிகம் விழுங்கப்படுவது காசு. நம் 2, 5, 10 ரூபாய் நாணயங்கள் 23 முதல் 27 மில்லிமீட்டர் வரை. சின்னக் குழந்தையின் உணவுக்குழாய்க்கு எல்லாமே பெரிசுதான். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் காசு முழு வட்டமாகத் தெரிந்தால் அது உணவுக்குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் மூச்சுக்குழாயைச் சந்தேகிப்பார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறலோ எச்சில் வடிதலோ இல்லையென்றால் மருத்துவர்கள் அவசரப்படமாட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு காசு சில மணி நேரத்தில் தானே இரைப்பைக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் தனிக் குழாய் பொருத்திவிட்டுத்தான் எடுப்பார்கள். மேலே வரும் வழியில் இடுக்கி நழுவினால் காசு மூச்சுக்குழாயில் விழுந்துவிடக் கூடாது அல்லவா? எடுக்கும் வேலை பல நேரம் சில நிமிடம்தான். முன்னேற்பாடுதான் அதிகம்.

இரைப்பைக்குள் போன காசை இரண்டு முதல் நான்கு வாரம் வரைகூட விட்டுவைக்கலாம். வழக்கமான சாப்பாடே போதும். விளக்கெண்ணெய், கழிச்சல் மருந்து எதுவும் வேண்டாம்.

காசு விழுங்கியது தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் வருவது வாழைப்பழம். உருட்டி உருட்டி ஊட்டுவார்கள். மீன்முள் என்றால் சோற்று உருண்டை. எளிதாக இறங்கிவிட்டால் உருண்டைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இறங்காதபோது நடப்பதை எண்டோஸ்கோப்பி அறையில்தான் பார்க்க முடியும். முள் சுவரில் இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும். அதன்மேல் சோறும் பழமும் அடைத்து நிற்கும். வயிறு நிறைந்த குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதும் ஆபத்து, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்பதால் மயக்க மருத்துவர் தயங்குவார். ஒரு வாழைப்பழத்தால் பல மணி நேரம் தாமதமாகலாம். விரலை விட்டுத் துழாவுவதும், வாந்தி எடுக்க வைப்பதும் இதே ரகம்தான்.

மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு அதிகம் அடைப்பது இறைச்சித் துண்டு. மீன் அதிகம் உண்ணும் ஆசிய நாடுகளில் முள். மீன்முள் பல சமயம் எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி. ஸ்கேனில்தான் பிடிபடும். தொண்டையில் குத்துவது போலவே இருக்கிறது என்று வருபவர்களில் கணிசமானோருக்கு முள் ஏற்கெனவே இறங்கிப்போய், கீறல் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், எச்சிலை விழுங்க முடியாமல் போனால் அதைக் கீறல் என்று விட்டுவிடக் கூடாது. இறைச்சி அடைத்தவருக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. சாதாரண உணவுக்குழாயில் நன்றாக மென்ற கறி நிற்காது. நின்றது என்றால் அங்கே ஒரு குறுகல், ஒவ்வாமையால் வந்த அழற்சி, சிலருக்குப் புற்றுநோய்கூட இருக்கலாம். அதனால் துண்டை எடுத்துவிட்டதோடு வேலை முடிவதில்லை. அந்த இடத்தைப் பரிசோதித்தாக வேண்டும்.

ஜாக்சனின் புகழுக்கு அதிகம் காரணமானது ஊக்கு. திறந்த ஊக்கு, முனை மேல்நோக்கியபடி உணவுக்குழாயில் நின்றால் அப்படியே இழுக்க முடியாது, இழுக்க இழுக்கச் சுவரைக் கிழிக்கும். முன்னே போகும் முனைதான் குத்தும், பின்னால் வரும் முனை குத்தாது என்பது அவர் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. ஆகவே முதலில் ஊக்கை மெல்ல இரைப்பைக்குள் தள்ள வேண்டும். அங்கே இடம் இருக்கிறது. சுருள் இருக்கும் முனையைப் பிடித்துத் திருப்பி, கூர்முனை பின்தொடர்ந்து வரும்படி இழுத்தால் கீறல்கூட விழாது. நூறாண்டு கழித்து இன்றும் அதே விதிதான். கூடுதலாக வந்திருப்பது, எண்டோஸ்கோப்பின் நுனியில் மாட்டும் ரப்பர் உறையும், உணவுக்குழாய்க்குள் முன்கூட்டியே செருகும் அகலமான பாதுகாப்புக் குழாயும். உடைந்த பிளேடு, தோட்டின் திருகாணி, செயற்கைப் பல்லின் கம்பிக் கொக்கி எல்லாம் இந்த உறைக்குள் ஒடுங்கி வெளியே வரும்.

ஊக்கு குழந்தை விழுங்கும் பொருள் மட்டும் அல்ல. சேலை கட்டும்போது பல்லில் கடித்து வைத்துக்கொள்ளும் பெண்கள், துணி தைக்கும்போது குண்டூசியை உதட்டில் வைத்துக்கொள்ளும் தையல்காரர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. தலைத்துணியில் குத்தும் ஊசியை இப்படி விழுங்கியவர்களைப் பற்றி துருக்கி, அரபு நாடுகளின் மருத்துவ இதழ்களில் கட்டுரை மேல் கட்டுரையாக வந்திருக்கிறது. பேசும்போது, சிரிக்கும்போது, தும்மும்போது உள்ளே போய்விடுகிறது.

பெரியவர்கள் தெரியாமல் விழுங்கும் இன்னொன்று மாத்திரை உறை. மாத்திரையை அல்ல, அலுமினியத் தாளோடு சேர்த்துக் கத்தரித்த சதுரத்தையே விழுங்கிவிடுவது. மூலைகள் கத்தி போல் இருக்கும். குடலைத் துளைத்த சம்பவங்கள் உண்டு. ஜப்பானில் முதியவர்களிடையே இது பெருகியதால் 1996 முதல் அங்கே உறையின் பிரிகோடுகளை ஒரே திசையில் மட்டும் போடுகிறார்கள், ஒற்றை ஒற்றையாக ஒடிக்க முடியாதபடி. நம் மருந்துக் கடைகளிலோ இரண்டு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோல்தான் பேசும். கண் மங்கிய தாத்தாவுக்குக் காலை, மதியம், இரவு என்று தனித்தனியாக வெட்டி டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகள் ஏராளம். உறையைப் பிரித்து மாத்திரையைக் கையில் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

இவ்வளவும் பழைய எதிரிகள். ஜாக்சன் பார்க்காத ஒன்று இன்று ஆபத்தில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது.

பட்டன் பேட்டரி. அதிலும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 3 வோல்ட் லித்தியம் வட்டு. சி.ஆர். 2032 என்று முதுகில் எழுதியிருக்கும். குழந்தையின் உணவுக்குழாயில் அது சரியாகப் பொருந்தி நிற்கிறது. ஈரமான சுவர் இரண்டு முனைகளையும் இணைத்து மின்சுற்றை முடித்துவிடுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் எதிர்மின்முனைப் பக்கத்தில் இருக்கும் திசுநீர் காரமாக மாறுகிறது. பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் ஒழுகுவதால் வரும் புண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, உடையாத புத்தம் புதுப் பேட்டரிதான் மிக மோசமானது. அது அங்கேயே காரத்தைத் தயாரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் வந்துவிடும். ரிமோட்டில் வேலை செய்யாது என்று கழற்றிப் போட்ட பேட்டரியிலும் இதற்கு வேண்டிய மின்னழுத்தம் மிச்சம் இருக்கும்.

இங்கே ஜாக்சனின் கதை மறுபடி குறுக்கிடுகிறது. அவர் காலத்தில் அமெரிக்க வீடுகளில் சோப்பு செய்யவும் கழுவவும் வைத்திருந்த காரத்தைச் சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் தின்றார்கள். உணவுக்குழாய் வெந்து, தழும்பேறி, மூடிக்கொண்டது. அப்படித் தண்ணீர்கூட இறங்காமல் வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு அவர் அடைப்பை எடுத்துவிட்டார். குழந்தை ஒரு வாய் தண்ணீர் குடித்தது. திரும்பி வரவில்லை. இன்னொரு வாய். பிறகு அவர் கையைப் பிடித்து முத்தமிட்டது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதோடு விடவில்லை. கார டப்பாக்களில் விஷம் என்று அச்சிடச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தார். 1927இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கான பொருட்களை எடுத்த கையை விட, அந்தச் சட்டத்துக்காகக் கதவுகளைத் தட்டிய கைதான் அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. இன்று அதே காரம் டப்பாவில் இல்லை. வட்டுக்குள்ளிருந்து, தொண்டையிலேயே உருவாகிறது.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் போவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. குழந்தை சோறு வேண்டாம் என்கிறது, எச்சில் ஒழுகுகிறது, இருமுகிறது, மூச்சில் சத்தம் கேட்கிறது. சளி என்று மருந்து வாங்கி வருகிறார்கள். எக்ஸ்ரே எடுத்தாலும் காசு போலவே வட்டமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். பக்கவாட்டில் எடுத்தால் விளிம்பில் படிக்கட்டு போன்ற ஒரு மடிப்பு. அந்த இரட்டைக் கோடுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் முக்கியமான தடயம். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உணவுக்குழாயில் நிற்கும் பேட்டரியை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறது. வயிறு காலியாக வேண்டும் என்று காத்திருக்கும் விதி இதற்குப் பொருந்தாது. எடுத்த பின்பும் கதை முடிந்துவிடாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தால், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தால், அந்த இடத்தைக் கழுவிக் காரத்தை முறிப்பார்கள். அப்படியும் புண் நாள் கணக்கில் ஆழமாகலாம். அருகிலுள்ள பெருந்தமனி வரை அரித்து, மூன்று நான்கு வாரம் கழித்து ரத்தம் கொட்டிய குழந்தைகள் உண்டு.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: தேன். அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தை ஓரளவு முறித்து, புண்ணின் ஆழத்தைக் குறைப்பது தெரிந்தது. ஒரு வயதைத் தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு, பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம் என்று அங்குள்ள விஷ ஆலோசனை மையம் சொல்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. தேன் தேடி ஐந்து நிமிடம் தாமதிப்பதும் கூடாது. அது சிகிச்சையாகாது, எண்டோஸ்கோப் போய்ச் சேரும்வரை வாங்கித் தரும் சிறு அவகாசம்.

காந்தங்கள் இன்னொரு புதுத் தலைவலி. ஒரே ஒரு காந்தம் பெரிய பிரச்சினையல்ல. சிறு உருண்டைகளாக வரும் சக்தி மிக்க விளையாட்டுக் காந்தங்களில் இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுத்துக் கவ்விக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடற்சுவர் ரத்தம் இல்லாமல் செத்து ஓட்டை விழும். அதனால் இரைப்பையில் இருக்கும்போதே எண்டோஸ்கோப்பால் பிடிக்க வேண்டும். சிறுகுடலுக்குள் இறங்கிவிட்டால் பல நேரம் கத்திதான்.

எண்டோஸ்கோப் தொடவே கூடாத ஒன்றும் உண்டு. போதைப்பொருளை உறைகளில் அடைத்து விழுங்கி விமானம் ஏறுபவர்களுக்கு இடுக்கி போடுவதில்லை. ஓர் உறை கிழிந்தாலும் உயிர் போகலாம். காவலில் வைத்துத் தானாக வெளியேறக் காத்திருப்பார்கள், அல்லது வயிற்றைத் திறப்பார்கள்.

மனநலம் குன்றியவர்கள் விழுங்கும் கதைகள் வேறு வகை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள குளோர் மனநல அருங்காட்சியகத்தில், 1929இல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த 1,446 பொருட்கள் நட்சத்திர வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆணிகள் மட்டும் 453. அறுவை சிகிச்சையில் அவர் இறந்துவிட்டார். 2016இல் அமிர்தசரஸில் ஒருவருடைய வயிற்றிலிருந்து 40 கத்திகளை எடுத்த செய்தி உலகமெங்கும் ஓடியது. அவர் பிழைத்தார். எண்டோஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடித்தாலும் எடுக்க அறுவை சிகிச்சைதான் வேண்டியிருந்தது. இத்தகையவர்களைச் செய்திகள் வினோதப் பிறவிகளாகக் காட்டுவது வழக்கம். பொருளை எடுத்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் விட்டால் அவர் திரும்ப வருவார் என்பதுதான் அதில் எழுத வேண்டிய செய்தி.

ஜாக்சனின் இன்னொரு பழக்கம் இன்றைய வழிகாட்டுதல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. விழுங்கியதைப் போன்ற இன்னொரு பொருளை எடுத்து, எந்த இடுக்கி அதை நழுவாமல் பிடிக்கிறது என்று வெளியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போவது. அதனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது ஜோடியில் மிஞ்சிய தோடோ, அதே மாதிரி பொம்மைத் துண்டோ, பேட்டரியின் எண் அச்சிட்ட அட்டையோ கையில் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. குழந்தைக்குப் பேச்சு வராமல், நிறம் மாறி, மூச்சு முட்டினால் அது உணவுக்குழாய் விஷயமல்ல, மூச்சுக்குழாய் விஷயம். அங்கே முதுகில் தட்டி வெளியேற்றும் முதலுதவி அந்த நொடியே தொடங்க வேண்டும்.

ஆஸ்திரேலியா 2020இல் பட்டன் பேட்டரிக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்து 2022 ஜூன் முதல் அமல்படுத்துகிறது. பேட்டரி விழுங்கி இறந்த ரீஸ் என்ற குழந்தையின் பெயரால் அமெரிக்காவும் 2022இல் ஒரு சட்டம் போட்டது. பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி, திருகோ அதற்கு இணையான பூட்டோ இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம். திருவிழாக் கடையில் வாங்கும் மின்னும் பொம்மையிலும், கார்த்திகைக்கு வைக்கும் எல்.இ.டி. அகலிலும், எடை பார்க்கும் கருவியிலும், கார் சாவியிலும் அந்த வட்டுதான் இருக்கிறது. வீட்டில் இருப்பவற்றின் மூடிகளை இன்றே ஒருமுறை பாருங்கள். திருகு இல்லாததை டேப் போட்டு ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், பக்கத்து வீட்டு யோசனை கேட்காமல் 108ஐ அழைத்து, குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.